வேலையிடத்தில் மாற்றம்: கேள்வி பதில்

அலுவலகங்களில் புதிய முறைக்கு ஆட்களைப் பழக்கும் பயிற்சியாளராக இருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல வருடமாக ஒரே மென்பொருளில் பில் போட்டேன். போன மாதம் மாற்றிவிட்டார்கள். கை ஓடவில்லை. சின்னப் பையன்கள் டக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள், அவமானமாக இருக்கிறது.

பழைய திரையில் உங்கள் விரல் தானாகப் போய் எஃப்8-ஐத் தட்டியிருக்கும். இப்போது ஒவ்வொரு பொத்தானையும் தேட வேண்டியிருக்கிறது. போனது அந்த விரல் பழக்கம்தான். எந்த வரி எங்கே போக வேண்டும், எந்த பில் இடிக்கும் என்ற கணக்கறிவு உங்களிடமே இருக்கிறது. அது அந்தப் பையன்களிடம் இல்லை.

பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் அச்சானது. ஒரு எளிய பழக்கம் தானாக வர 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் விழுந்த எண் 66. அதுவும் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது மாதிரியான பழக்கங்களுக்கு! ஒரு மாதத்தில் கை ஓடவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். தினமும் அதிகம் செய்கிற ஒரே வேலையை எடுத்து, அது மட்டும் சரளமாகும்வரை ஓட்டுங்கள். மற்றதற்குப் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு போதும். இந்தச் சமயத்தில் மட்டும் ராஜினாமா பற்றி முடிவெடுக்காதீர்கள்.

21 நாளில் எதுவும் பழகிவிடும் என்கிறார்களே?

மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியது. குறைந்தது 21 நாள் ஆகும் என்றுதான் சொன்னார். அந்தக் ‘குறைந்தது’ வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

புது மேனேஜர் என்னைவிட இளையவர். விட்டுவிடலாமா?

வயது ஒரு காரணமே இல்லை. அவரோடு ஒரு வேலையையாவது முழுசாக முடித்துப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் இல்லாத இடத்துக்கு மாற்றுகிறார்கள். செல்லுமா?

தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.

குழுவைக் கலைத்துவிட்டார்கள். ராஜினாமா செய்யலாமா?

முதல் பதிலின் கடைசி வரி.

அமைதியாக ஏற்றுக்கொள் என்று சொல்வதே முதலாளிக்கு ஜால்ரா போடுவதுதானே?

வாயை மூடிக்கொள் என்று நான் எங்கே சொன்னேன்? அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பைஜாமா தொழிற்சாலையில் நடந்ததை கோச், ஃபிரெஞ்ச் என்ற இருவர் 1948-இல் எழுதினார்கள். செய்முறையில் மாற்றம் சின்னதுதான். ஒரு குழுவிடம் ‘இனி இப்படி’ என்று அறிவித்ததோடு சரி. அந்தக் குழுவின் உற்பத்தி விழுந்தது, எழவே இல்லை. முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். மாற்றத்தைத் திட்டமிடுவதிலேயே சேர்த்துக்கொண்ட குழுக்களில் ஒருவரும் விடவில்லை, உற்பத்தியும் பழைய அளவைத் தாண்டியது. ஏற்றுக்கொள்வது எங்கிருந்து வருகிறது என்று இப்போது சொல்லுங்கள்.

எங்களிடமும் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். முடிவை முன்னாடியே எடுத்துவிட்டுத்தான் கேட்டார்கள்.

அது நாடகம். அதற்குக் கைதட்டச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘எது முடிவாகிவிட்டது, எது இன்னும் பேசலாம்?’ என்று அங்கேயே கேட்டிருக்கலாம். முடிந்ததோடு மல்லுக்கட்டி, பேசக்கூடியதைக் கோட்டைவிடுகிறவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன்.

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அப்படிக் கேட்டால் நம்மைத்தான் குறித்துவைப்பார்கள்.

சில இடங்களில் வைப்பார்கள், மறுக்கவில்லை. எப்படிக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறதே. ‘ஏன் எங்களை இப்படி வதைக்கிறீர்கள்?’ என்றால் அது சண்டை. ‘மாதக் கடைசியில் பில்லை இரண்டு பேர் சரிபார்த்தோம். புது முறையில் அது யார் வேலை?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் திட்டத்தில் ஓட்டை இருப்பது எல்லோருக்கும் தெரியும், உங்கள் குரலும் உயரவில்லை. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் நாலு பேர் கேள்வியை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தில் மின்னஞ்சலாக மட்டும் அனுப்பாதீர்கள்.