களக் குறிப்பிலிருந்து வடிவமைப்புத் தேவை வரை: இடையில் விடுபடுவது எது?

கேள்வி: "எங்கள் குழு இருபது பயனர்களைச் சந்தித்து, பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து வந்திருக்கிறது. பொறியாளர்களோ, 'இதில் நாங்கள் எதைச் செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்' என்கிறார்கள். களக் குறிப்புகளை வடிவமைப்புத் தேவைகளாக மாற்றுவதற்கு முறை ஏதும் உண்டா?"

முறை உண்டு. அதற்கு முன், இதே கட்டத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். முறை எதற்காக இருக்கிறது என்பது எனக்கு அதன் பிறகுதான் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், கொங்குப் பகுதியில் பால் கொள்முதல் நிலையங்களுக்கான ஒரு செயலியை வடிவமைக்கும் குழுவில் இருந்தேன். பதிவேட்டிலும் உறுப்பினரின் அட்டையிலும் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டு டேப்லெட்டில் பதிய வேண்டும் என்பது எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. காலை ஐந்தரை மணிக்கே போய் நின்றோம். தூக்குவாளியில் வரும் பாலிலிருந்து ஒரு சிறு கிண்ணத்தில் மாதிரி எடுத்துக்கொண்டு, மீதியை எடை போட்டுப் பெரிய கேனில் ஊற்றிவிடுவார்கள். மாதிரியைப் பரிசோதனை இயந்திரத்தில் வைத்ததும் கொழுப்பின் அளவும், எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருளின் அளவும் எண்களாக வரும். பாலுக்கான விலை அந்த இரண்டு எண்களைப் பொறுத்தது.

எழுத்தர் ஒவ்வொருவருக்கும் ஒரே காரியத்தைச் செய்தார். எண்களை அட்டையில் எழுதி முடித்ததும், அட்டையை வந்தவர் பக்கமாகத் திருப்பி, எழுதிய வரிக்குக் கீழே விரலை வைத்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே அடுத்தவரை அழைத்தார். அதை நான் நோட்டில் எழுதியிருந்தேன். காரணம் கேட்டபோது, "வயசானவங்களுக்குத் தெரியோணும்ல, எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தாப் போதுங்க" என்றார். நாங்கள் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, எண்கள் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும் என்றும், உறுப்பினரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகவும் போக வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தோம். பொறியாளர்கள் இரண்டையும் குறையின்றிச் செய்தார்கள். ஆனால் செயலி வந்த முதல் வாரத்திலேயே நிலையத்தில் தகராறு தொடங்கிவிட்டது. பல வீடுகளில், பதிவாகியிருந்த கைப்பேசி எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. செய்தி அவருக்குப் போய், அவர் வீட்டுக்கு அழைத்துச் சொல்லி, தாயார் சந்தேகம் கேட்க நிலையத்துக்குத் திரும்பி வருவதற்குள் மாதிரிக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

நாங்கள் பார்க்கத் தவறியது அந்தக் கிண்ணத்தைத்தான். கையெழுத்து அட்டை இன்னும் நடைமுறையில் இருந்த வேறொரு நிலையத்துக்குப் போய் மீண்டும் நின்றபோது, ஒரு மூதாட்டி அட்டையைப் பார்த்துவிட்டு, "நேத்துக் காலையில நாலு ரெண்டு வந்துச்சுங்க தம்பி, இன்னைக்கு மூணு ஒம்போதுன்னா எப்படிங்க? இன்னொருக்கா வெச்சுப் பாருங்க" என்றார். எழுத்தர் மறுபேச்சின்றிக் கிண்ணத்தில் மீந்திருந்த பாலை இயந்திரத்தில் வைத்தார். கேனில் கலந்த பாலை எவராலும் பிரித்தெடுக்க முடியாது என்பதால், கிண்ணத்தில் பால் இருக்கும் அந்தச் சில நொடிகளுக்குள்தான் ஓர் அளவை மறுத்துக் கேட்க இயலும். முதல் நிலையத்து எழுத்தர் விரலை வைத்துக் காட்டியது அந்த வாய்ப்பைப் பால் கொடுப்பவருக்குத் தருவதற்காக. எழுத்தின் அளவு அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

இதிலிருந்து உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண்டதிலிருந்து நேராக வடிவமைப்புத் தேவைக்குத் தாவக் கூடாது. நடுவில் ஒரு படி இருக்கிறது: மனிதருக்கு வேண்டியது என்ன என்பது. தமிழில் இரண்டையும் 'தேவை' என்றே சொல்லிவிடுவதால் குழப்பம் கூடுகிறது என்பது என் எண்ணம். ஆகவே, மனிதருக்கு வேண்டியதைத் தேவை என்றும், அதற்காகக் கருவி நிறைவேற்றியாக வேண்டியதை நிபந்தனை என்றும் பிரித்து எழுதுகிறேன். ஐ.எஸ்.ஓ. எனப்படும் பன்னாட்டுத் தர அமைப்பின் தரங்களிலும் இந்தப் பிரிவு உண்டு: பயனர் தேவைகளை விவரிக்கும் அறிக்கைக்கு 2013-இல் வந்த 25064, கருவி நிறைவேற்ற வேண்டியவற்றை எழுதுவதற்கு 2019-இல் வந்த 25065 என இரண்டு தனித்தனி ஆவணங்கள். எங்கள் நிலையத்தில் தேவை இதுதான்: பால் கொடுப்பவர், மறுபரிசோதனை கேட்க வழியிருக்கும்போதே, இன்றைய அளவு வழக்கத்திலிருந்து மாறியிருக்கிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும். இந்த வாக்கியத்தில் செயலியோ, திரையோ, குறுஞ்செய்தியோ இல்லை என்பதைக் கவனியுங்கள். செயலியே இல்லாமல் போனாலும் இது உண்மையாக இருக்கும். தேவையைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று நான் சோதித்துப் பார்ப்பது அப்படித்தான்.

நிபந்தனையை எழுதும்போது தீர்வு அதற்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னும் கடினம். லண்டனுக்கு அருகே வெஸ்ட் டிரேட்டனில் இருந்த வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தில், லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் நடத்திய ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதைப் பற்றிய கட்டுரை 1992-இல் வெளியானது. அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் விவரங்கள் கொண்ட ஒரு காகிதப் பட்டை. கட்டுப்பாட்டாளர்கள் அவற்றை ஒரு சட்டகத்தில் கையால் வரிசைப்படுத்துவார்கள். பட்டைகளைக் கணினியே தானாக வரிசைப்படுத்த வேண்டும் என்று எழுதுவதுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் உடனிருந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. பட்டையைக் கையால் உரிய இடத்தில் செருகும் செயலே, புதிதாக வரும் விமானத்தை ஏற்கெனவே இருப்பவற்றோடு சேர்த்து ஒருமுறை கவனிக்கவைத்தது. வரிசையைக் கணினியிடம் விட்டுவிட்டால் உழைப்போடு அந்தக் கவனமும் போய்விடும். எனவே, ஒரு வேலையை எளிதாக்கும் நிபந்தனையை எழுதும்போதெல்லாம், அந்த வேலை தன்னையறியாமல் வேறு எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் அதன் காரணத்தையும், அது நிறைவேறியதா என்று சரிபார்க்கும் அளவுகோலையும் எழுதிவிடுங்கள். நிபந்தனைகளை எழுதுவதற்கென்று 1995-இல் வந்த வொலேர் (Volere) என்ற மாதிரிப் படிவத்தில் இவ்விரண்டுக்கும் தனி இடமே இருக்கிறது. எளிதாக இருக்க வேண்டும், வேகமாக இருக்க வேண்டும் என்பவற்றை எவராலும் சரிபார்க்க முடியாது. நாங்கள் திருத்தி எழுதியது இப்படி இருந்தது: "மாதிரிப் பால் கொட்டப்படுவதற்கு முன், உறுப்பினர் தம் இன்றைய அளவையும் முந்தைய அளவுகளையும் நின்ற இடத்திலிருந்தே ஒருசேரப் பார்க்க முடிய வேண்டும்; இதனால் ஒருவருக்கு ஆகும் நேரம், அட்டை முறையில் நாங்கள் அளந்த நேரத்தைவிட 5 நொடிக்கு மேல் கூடக் கூடாது." களக் குறிப்பின் எண்ணையும் ஓரத்தில் குறித்துவைத்தோம். பின்னாளில் நேரமில்லை என்று ஒரு நிபந்தனையை வெட்ட நேர்ந்தால், எந்த மனிதருடைய எந்தத் தேவை போகிறது என்று தெரிந்தே வெட்ட வேண்டும் அல்லவா?

எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி வரிசைப்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று எங்களிடம் ஒருவர்தான் கேட்டார். அதை விட்டிருந்தால் செயலி மழைக்காலத்தில் உதவியிருக்காது. விலை குறைவு என்ற குறையைக் கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னார்கள். அது வடிவமைப்பால் தீரக்கூடியது அன்று என்பதால், நிலையத்தை நடத்தியவர்களிடம் தனியாக எழுதிக் கொடுத்தோம்.

கடைசியாக, நிபந்தனைகளைப் பொறியாளர்களிடம் தருவதற்கு முன், பயனர்களிடமே படித்துக் காட்டுங்கள். எங்களுடையதை அந்த எழுத்தரிடம் படித்தபோது, 'முந்தைய அளவுகள்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். "காலையோட காலையை வெச்சுத்தானுங்க பாக்கோணும். சாயங்காலப் பால்ல கொழுப்பு கூடத்தான் வரும், ரெண்டையும் பக்கத்துல காட்டினா தினமும் சண்டைதான்" என்றார். அன்றிரவு என் நோட்டைப் புரட்டியபோது, மூதாட்டி 'நேத்துக் காலையில' என்று சொன்னது என் கையெழுத்திலேயே இருந்தது. மறுநாள் நிபந்தனையில் அந்தச் சொல்லைச் சேர்த்தோம்.