கைப்பேசியையும் கணினியையும் இணைப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (திருநெல்வேலி டவுன்): அண்ணாச்சி, ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் எடுத்த 18 ஜிபி காணொளிகளைக் கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்ற முயன்றேன். முதலில் சார்ஜ் மட்டுமே ஏறியது. பிறகு நகலெடுக்கத் தொடங்கியும் பாதியில் நின்றுவிட்டது. கோளாறு எதில்?

பதில்: சார்ஜ் மட்டும் ஏறியது கோளாறே அல்ல. கணினியில் செருகியதும் கோப்புகளைத் திறந்துவிடாமல் இருப்பதுதான் இன்றைய ஆண்ட்ராய்டின் இயல்பு. பூட்டைத் திறந்து, மேலிருந்து இறங்கும் அறிவிப்பில் 'கோப்புப் பரிமாற்றம்' என்பதை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த அறிவிப்பே வரவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். மலிவான சில கேபிள்களில் தரவுக்கான கம்பிகளே இருப்பதில்லை.

பாதியில் நின்றதற்குக் காரணம் வேறு. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தம் நினைவக அட்டையைப் பென் டிரைவைப் போல முழுவதுமாகக் கணினியிடம் ஒப்படைத்துவிடும். அந்த நேரத்தில் கைப்பேசியால் அதைப் படிக்க இயலாது. இப்போதுள்ள எம்டிபி முறையில் நினைவகம் கைப்பேசியின் பொறுப்பிலேயே இருக்க, கணினி ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு வாங்குகிறது என்பதால், நகலெடுக்கும்போதே அதே கோப்புறையில் இன்னொரு காணொளியைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால் இணைப்பு திணறிவிடும். நான்கைந்து கோப்புகளாகப் பிரித்து நகலெடுத்து, முடிந்தபின் ஓட்டிப் பாருங்கள். சேமிக்கும் இடம் எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென் டிரைவாக இருந்தால், 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு அதில் ஏறவே ஏறாது. டைப்-சி முனையைக் கண்டு வேகத்தை நம்பிவிடவும் வேண்டாம். நடுத்தர விலைக் கைப்பேசிகள் பலவற்றில் உள்ளே இருப்பது பழைய யூஎஸ்பி 2.0 தான். நொடிக்கு 30 எம்பி கிடைத்தாலும் உங்கள் 18 ஜிபிக்குப் பத்து நிமிடம் ஆகும்.

கேள்வி (பத்தமடை): கோரைப்பாய் நெய்து விற்கிறோம். வாட்ஸ்அப் வழியாகக் கணினிக்கு அனுப்பும் படங்களில் நெசவு தெளிவாகத் தெரிவதில்லை. கைப்பேசியையும் கணினியையும் வைஃபை வழியாக இணைக்கும் கேடிஈ கனெக்ட் செயலியை நிறுவிப் பார்த்தால், கணினி கைப்பேசியைக் கண்டுகொள்ளவே இல்லை.

பதில்: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும்; பட்டுப்பாயின் மெல்லிய இழைகள்தாம் முதலில் மங்கும். அவசரத்துக்கு அதையே 'ஆவணம்' என்று இணைத்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும்.

ஆனாலும் நீங்கள் தேர்ந்தெடுத்த வழியே எனக்கு உகந்தது. படம் வெளியே எந்தச் சர்வருக்கும் போய்த் திரும்பாமல் வீட்டு ரூட்டர் வழியாகவே கைமாறுவதால், மழையில் இணையம் அறுந்தாலும் வேலை நடக்கும். இரண்டு கருவிகளும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்து, விண்டோஸில் அந்த வைஃபை 'பொது' என்று குறிக்கப்பட்டிருந்தால் 'தனிப்பட்டது' என்று மாற்றி, வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில், இந்தச் செயலி பயன்படுத்தும் 1714 முதல் 1764 வரையுள்ள போர்ட்டுகளுக்கு (இணைப்பு வாயில்களுக்கு) அனுமதி கொடுங்கள். என் வீட்டில் இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பிற்பகல் முழுவதும் வீணானது; இரண்டு கருவிகளுமே விருந்தினருக்கான வைஃபையில் இருந்ததும், அதில் சேர்ந்த கருவிகளை ஒன்றையொன்று பார்க்க ரூட்டர் விடாததும் மாலையில்தான் புரிந்தன.

கேள்வி (பாளையங்கோட்டை): ஐஃபோனுக்கும் விண்டோஸ் கணினிக்கும் ஒத்துப்போகாதா?

பதில்: ஓரளவு ஒத்துப்போகும். கைப்பேசியைக் கணினியோடு இணைக்கும் விண்டோஸின் ஃபோன் லிங்க் செயலி 2023 முதல் ஐஃபோனையும் ஏற்கிறது. அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் புளூடூத் வழியாகக் கணினிக்கு வரும், ஆனால் குழுச் செய்திகளை எதிர்பார்க்க வேண்டாம். படங்கள் திறக்கவில்லையென்றால் அவை ஐஃபோனின் வழக்கமான ஹெச்இஐசி என்ற கோப்பு வடிவில் இருக்கக்கூடும். கேமரா அமைப்புகளில் 'அதிக இணக்கம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காகச் சேமிக்கப்படும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): கைப்பேசியை அணைத்துவிட்டுக் கணினியில் மட்டும் வாட்ஸ்அப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், ஆனால் 14 நாட்களுக்கு மேல் கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறக்காவிட்டால் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் எப்போதாவது இணைத்திருந்தால், 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலைத் திறந்து அதை இன்றே நீக்கிவிடுங்கள்.