சட்டம் கேளுங்க: பதினஞ்சு வயசு பையனுக்கு வேலையில அடிபட்டா நஷ்ட ஈடு உண்டா?

கேள்வி: எங்க அக்கா பையனுக்கு 15 வயசு. படிப்ப நிறுத்திட்டு ஒரு மரப்பட்டறையில வேலைக்கு போனான், ரம்ப மெஷின்ல கை மாட்டி ரெண்டு விரல் போயிருச்சு. முதலாளி ஆஸ்பத்திரி செலவ மட்டும் கட்டிட்டு, "பையன் பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் இல்ல, சின்ன பையன வேலைக்கு வெச்சதே சட்டப்படி செல்லாது, செல்லாத வேலைக்கு ஏது நஷ்ட ஈடு, புகார் குடுத்தா அனுப்புன உங்களுக்கும் கேஸ் வரும்"னு சொல்றார். கொஞ்சம் பணம் தர்றேன், ஒரு பேப்பர்ல கையெழுத்து போடுங்கன்னும் கேக்குறார். அக்கா பயந்து போய் சரின்னு சொல்ற நிலையில இருக்கா. என்ன பண்ணலாம்? (பேர் வேண்டாம்)

பதில்: முதல்ல அக்காவ அந்த பேப்பர்ல கையெழுத்து போட வேண்டாம்னு சொல்லுங்க, மத்தத அப்புறம் பேசலாம். எந்த நாட்டுல இருக்கீங்கன்னு நீங்க எழுதல, அதனால பொதுவா எல்லா இடத்துக்கும் பொருந்துற மாதிரி சொல்றேன், உங்க ஊர் விதிய அங்க இருக்குற தொழிலாளர் துறையிலயோ இலவச சட்ட உதவி மையத்துலயோ கேட்டுக்கோங்க.

முதலாளி சொல்றது அப்படியே தலைகீழ். சின்ன வயசுல வேலைக்கு வெக்கக்கூடாதுன்னு சட்டம் தடை போட்டது பையன பாதுகாக்கத்தான், தடைய மீறுனவருக்கு அதையே கேடயமா குடுக்க இல்ல. தப்பு வேலைக்கு வெச்சவர் மேல, வேலை செஞ்ச பையன் மேல இல்ல. அப்படி இல்லாம போனா, சட்டப்படி ஆள் வெச்சவர் நஷ்ட ஈடு கட்டணும், சட்டத்த மீறி வெச்சவர் தப்பிச்சு போகலாம்னு ஆயிரும், அத எந்த கோர்ட் ஒத்துக்கும்? இந்த அநியாயம் நடக்கக்கூடாதுன்னே சில இடங்கள்ல ஒரு படி மேலயே போயிருக்காங்க. அமெரிக்காவுல நியூயார்க், நியூஜெர்சி மாதிரி மாநிலங்கள்ல சட்டத்துக்கு புறம்பா வேலைக்கு வெச்ச சிறார் அடிபட்டா சாதாரணமா கிடைக்கிற நஷ்ட ஈடு ரெண்டு மடங்கு, அந்த கூடுதல் பங்க இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டாது, முதலாளியே கைக்காசுல இருந்துதான் கட்டணும். விஸ்கான்சின்ல, அந்த வயசுக்கு தடை செஞ்ச வேலையில வெச்சிருந்தா மூணு மடங்கு வரைக்கும் போகும்.

ரிஜிஸ்டர்ல பேர் இல்லன்னு சொல்றாரே, பேர் எழுதாதது அவர் பண்ணின இன்னொரு தப்பு, அவ்வளவுதான். பையன் அங்க வேலை செஞ்சான்னு நிரூபிக்க ரிஜிஸ்டர் ஒண்ணுதான் வழின்னு இல்ல, கூட வேலை செஞ்சவங்க, சம்பளம் போட்ட மெசேஜ், போன்ல எடுத்த போட்டோ, பட்டறையில இருந்து தூக்கிட்டு வந்த வண்டிக்காரர், எல்லாமே சாட்சிதான். ஆனா இதெல்லாத்தையும் விட முக்கியம் டாக்டர் எழுதுற சீட்டு. வீட்ல கதவுல கை மாட்டிச்சுன்னு சொல்லுங்கன்னு முதலாளி கூட வந்து நின்னு சொல்லிக் குடுக்குறது ரொம்ப சகஜம். உங்க பையனோட டிஸ்சார்ஜ் பேப்பர்ல எப்படி அடிபட்டதுன்னு எழுதியிருக்கானு இன்னிக்கே பாருங்க, தப்பா இருந்தா உண்மைய டாக்டர்கிட்ட எழுத்துல குடுத்து திருத்தச் சொல்லுங்க, ஒரு காப்பிய உங்ககிட்ட வெச்சுக்கோங்க. வயசுக்கு பிறப்பு சான்றிதழ், ஸ்கூல் சர்டிபிகேட் எடுத்து வைங்க. "18ன்னு பையனே சொன்னான்"னு அடுத்து சொல்லுவாங்க, வயச சரிபார்க்க வேண்டியது வேலைக்கு வெக்கிறவரோட பொறுப்பு.

அந்த பேப்பர் விஷயத்துக்கு வர்றேன். உரிமைய விட்டுக்குடுத்துட்டேன்னு சிறார் சார்பா எழுதி வாங்குறது ரொம்ப இடங்கள்ல கோர்ட்டோ, தொழிலாளர் நஷ்ட ஈட்டு வழக்க விசாரிக்கிற கமிஷனரோ ஒத்துக்கிட்டாத்தான் செல்லும். இந்தியாவுல 1923ல வந்த இழப்பீட்டு சட்டத்துலயே, மைனருக்கு சேர வேண்டிய மொத்த தொகைய கமிஷனர்கிட்ட கட்டணும், கையில நேரா குடுத்தா அது நஷ்ட ஈடு குடுத்த கணக்குல சேராதுன்னு இருந்தது. சட்டம் இவ்வளவு யோசிச்சது ஏன்னா அவசரத்துல இருக்குற குடும்பம் கைக்கு வந்தத வாங்கிட்டு எழுதிக் குடுத்துரும்னு அதுக்கு தெரியும்.

கேஸ் வரும்னு மிரட்டுறதுக்கு அக்கா பயப்படுறா, அது புரியுது. இந்தியாவுல குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 2016ல பண்ணின திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைன்னா பெத்தவங்களுக்கு தண்டனை இல்லன்னு சட்டத்துலயே இருக்கு, ஜெயிலும் அபராதமும் வேலைக்கு வெச்சவருக்குத்தான். நீங்க வேற நாடுன்னா இத வக்கீல்கிட்ட முதல் கேள்வியா கேளுங்க, ஆனா மிரட்டுறவர் வாயில இருந்து மட்டும் சட்டம் தெரிஞ்சுக்காதீங்க.

கேள்வி: அவன் வாங்குன சம்பளம் ரொம்ப கம்மி. அத வெச்சு கணக்கு போட்டா என்னதான் வரும்?

பதில்: எனக்கு ரொம்ப கோபம் வர்ற இடம் இதுதான். சின்ன பையன்னு அரைச் சம்பளம் குடுத்துட்டு அதே அரைச் சம்பளத்த வெச்சு விரலுக்கு விலை போடுறது. அந்த கை இன்னும் அம்பது வருஷம் உழைக்க வேண்டிய கை. நியூயார்க்ல அடிபட்டப்ப 25 வயசுக்கு கீழ இருந்தா, பின்னாடி சம்பளம் ஏறியிருக்கும்னு எதிர்பார்க்க முடிஞ்சா, அந்த ஏற்றத்தையும் கணக்குல எடுக்கலாம்னு விதி இருக்கு. உங்க ஊர் சட்டத்துலயும் குறைஞ்சபட்ச கூலிய அடிப்படையா எடுக்க வழி இருக்கா, வளர்ந்தப்புறம் சம்பாதிக்கக்கூடியத பார்க்குறாங்களான்னு வக்கீல்கிட்ட கண்டிப்பா கேளுங்க, கேக்காம விட்டா யாரும் தானா சேர்த்துத் தர மாட்டாங்க. விரல் எத்தனை கணு வரைக்கும் போச்சு, எந்தக் கை, பிடிப்பு எவ்வளவு இருக்குன்னு டாக்டர் சதவீதத்துல சான்றிதழ் தரணும், காயம் முழுசா ஆறுனப்புறம் வாங்குங்க, அவசரப்பட்டு முன்னாடியே வாங்குனா குறைச்சுப் போட வாய்ப்பு இருக்கு. அதுக்காக மனு குடுக்குறத தள்ளிப் போடாதீங்க. மைனருக்கு கெடு தள்ளிப்போகும்னு சில இடத்துல சலுகை இருக்கு, அத நம்பி உக்காந்திருந்தா சாட்சி சொல்ல வேண்டிய கூட வேலை செஞ்ச பசங்க வேற பட்டறைக்கு போயிருவாங்க. முதல்ல எழுத்துல ஒரு நோட்டீஸ் முதலாளிக்கு அனுப்பிடுங்க, என்னிக்கு எத்தனை மணிக்கு எந்த மெஷின்ல நடந்துச்சுன்னு விவரமா எழுதி, ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க.