காதில் சீழ், கையில் கல்ச்சர் ரிப்போர்ட்: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்குப் பல வருடமாகக் காதில் சீழ். சீழில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'சூடோமோனாஸ்' என்றிருக்கிறது. மருந்துக்கடையில் கொடுத்த அமாக்சிசிலின் ஏன் கேட்கவில்லை?

கேட்காது. அந்தக் கிருமி பிறவியிலேயே அமாக்சிசிலினுக்கு அடங்காதது. கிளாவுலனேட் சேர்த்த மாத்திரைக்கும் அப்படித்தான். செவிப்பறையில் ஓட்டை விழுந்து நாள்பட வடிகிற காதில், லேபில் நாங்கள் அதிகம் பார்ப்பது இரண்டு பேரை: சூடோமோனாஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். அப்புறம்தான் புரோட்டியஸ், கிளெப்சியெல்லா எல்லாம். சூடோமோனாஸ் வளர்ந்த தட்டு பச்சையாக இருக்கும், திறந்தால் திராட்சை வாசனை. புரோட்டியஸ் அலை அலையாகத் தட்டு முழுக்கப் பரவிவிடும், நாற்றமும் சகிக்காது.

சூடோமோனாஸுக்கு ஈரம் பிடிக்கும். அதனால் குளிக்கும்போது வாசலினில் தோய்த்த பஞ்சை வைத்துக் காதை அடைக்கச் சொல்லுங்கள். காய்ச்சிய எண்ணெய் வேண்டவே வேண்டாம். தலைசுற்றல், முகம் ஒருபக்கம் கோணுதல், காதின் பின்னால் வீக்கம் இருந்தால் அன்றைக்கே இ.என்.டி. மருத்துவரிடம் போங்கள்.

எனக்கு 'சிப்ரோஃப்ளாக்சசின்: ரெசிஸ்டன்ட்', அதாவது கிருமி அந்த மருந்துக்கு அடங்காது என்று வந்தது. டாக்டர் அதே மருந்தைச் சொட்டாக எழுதியிருக்கிறார். தவறுதானே?

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. தவறு என்று சொல்லிவிட முடியாது. லேபில் நாங்கள் போடும் 'சென்சிடிவ்' (அடங்கும்), 'ரெசிஸ்டன்ட்' (அடங்காது) முத்திரை, மாத்திரையோ ஊசியோ போட்டால் ரத்தத்தில் எவ்வளவு மருந்து சேரும் என்பதை வைத்துப் போடுவது. 500 மில்லிகிராம் மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு அதிகபட்சம் 2, 3 மைக்ரோகிராம் தேறும். 0.3 சதவீதச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 3,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ஆயிரம் மடங்கு! மாத்திரைக்கு அசையாத கிருமி சொட்டில் சாவது இதனால்தான்.

ஆனால் சீழின் மேலேயே சொட்டை ஊற்றினால் மருந்து உள்ளே போய்ச் சேராது. முதலில் காதைத் துடைத்து உலர்த்த வேண்டும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருங்கள். குளிர்ந்த மருந்து விட்டால் தலை கிறுகிறுக்கும். விட்டபின் காதுத் துளையின் முன்னால் இருக்கும் சிறு மேட்டை நாலைந்து முறை அழுத்துங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ரிப்போர்ட்டோடு மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

ரிப்போர்ட்டில் வட்டத்தின் அளவு மில்லிமீட்டரில் போட்டிருக்கிறது. பெரிய வட்டம் உள்ள மருந்துதான் நல்லதா?

இல்லை. அது, தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் விட்ட வட்டம். மருந்துக்கு மருந்து அளவுகோல் வேறு. சூடோமோனாஸுக்கு 20 மி.மீ. வட்டம் செஃப்டாசிடிம் என்றால் பாஸ். சிப்ரோஃப்ளாக்சசினுக்கோ 25 வேண்டும்.

மூன்று வயது மகனுக்குச் சளி, ராத்திரியில் காதுவலி. சீழ் இல்லை. கல்ச்சர் எடுக்க வேண்டாமா?

செவிப்பறை ஓட்டையில்லாமல் இருந்தால் எதை எடுப்பது? இது வேறு நோய், கிருமிகளும் வேறு: நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா. முதல் கேள்வியில் வந்த அம்மாவுக்குக் கேட்காத அதே அமாக்சிசிலின்தான் இங்கே முதல் மருந்து. நியூமோகாக்கஸ் முரண்டு பிடித்தால் டோஸைக் கூட்டுவார்கள். மொராக்செல்லா மருந்தையே உடைக்கும் நொதியைச் சுரப்பதால் அதற்குக் கிளாவுலனேட் துணை வேண்டும். லேசான வலி, ஒரு காதில் மட்டும் என்றால் டாக்டர் வலிமருந்து மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம் என்பார். ஏமாற்றுகிறார் என்று நினைக்காதீர்கள்.

சொட்டு மருந்து விட்டுச் சீழ் நின்றது. இப்போது ஒரே அரிப்பு, கறுப்புப் புள்ளிகள்.

பூஞ்சையாக இருக்கலாம். நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்த மாதிரி இருக்கும். பழைய சொட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

சாம்பிளை நானே பட்ஸில் எடுத்து வரலாமா?

ஒருவர் மாத்திரை கவரில் சுருட்டிய பட்ஸோடு வந்தார். பஞ்சு காய்ந்து கல்லாகியிருந்தது. அதில் வளர்ந்ததெல்லாம் தோலில் சும்மா குடியிருக்கும் கிருமிகள். புறக்காதைத் துடைத்துவிட்டு, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் டாக்டர் எடுத்துத் தருவதைத்தான் நம்ப முடியும்.