அறியாமையின் நிறம்

அன்புள்ள ஐயா,

ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 'இக்னரன்ஸ்' வரும் இடத்தில் 'அறியாமை' என்று எழுதினேன். அது ஆங்கிலத்தைப் பார்த்து உண்டாக்கிய சொல், 'அஞ்ஞானம்'தான் பழையது என்கிறார் நண்பர். சரியா? இன்னொன்று: குறளில் அறிவின்மையை 'வெண்மை' என்று சொல்வது ஏன்?

ஒரு வாசகி, தேனி

அன்புள்ள வாசகிக்கு,

'அறியாமை' ஆங்கிலத்துக்குக் கடன்பட்ட சொல் இல்லை. 'அறிதோறு அறியாமை கண்டற்றால்' என்று 1110ஆம் குறளில் இருக்கிறது, அதுவும் காமத்துப்பாலில். கற்கக் கற்க, இதுவரை நமக்குத் தெரியாமல் இருந்தது தெரியவருகிறது அல்லவா? காதலியைச் சேரும்போதெல்லாம் அப்படி இருக்கிறது என்கிறான் தலைவன். எவ்வளவு மகிழ்ச்சியாக அந்தச் சொல் வருகிறது பாருங்கள்! அறி வேர், ஆ எதிர்மறை, மை விகுதி. உறவு இருப்பது மற்ற இரண்டுக்கும்தான். 'இக்னரன்ஸ்' லத்தீன் வழி வந்தது. அதிலுள்ள 'க்னோ'வும் 'அஞ்ஞான'த்திலுள்ள 'ஞா'வும் ஒரே மூலத்தில் கிளைத்தவை.

அப்புறம் வெண்மை. மரத்தை அறுத்தால் நடுவே நிறம் ஏறி இறுகியிருப்பது வைரம். சுற்றிலும் வெளுத்த பகுதி இருக்கும். பூச்சி முதலில் அரிப்பது அதைத்தான். வைரம் பாயாத மரத்தைப் பழந்தமிழில் வெளிறு என்றார்கள். அறிவு முற்றாத மனத்துக்கும் அதே சொல். 'அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு' என்கிறது 503ஆம் குறள். நன்றாகப் படித்தவரிடமும் அது அறவே இல்லாமல் இருப்பது அபூர்வம். முற்றிய தேக்கிலும் பட்டைக்கு உள்ளே ஒரு வெள்ளை வளையம் இருக்கத்தான் செய்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்தக் குறள் எனக்கு அலுத்ததில்லை.

ஆனால் 844இல் வள்ளுவர் கடுமையாகிறார். வெண்மை எதுவென்றால், 'ஒண்மை உடையம்யாம் என்னும் செருக்கு'. தான் அறிவாளி என்ற கர்வம். அந்த அதிகாரத்தின் பெயர் புல்லறிவாண்மை.

ஆகவே உங்கள் கட்டுரையாளர் எதைச் சொல்கிறார் என்று பாருங்கள். வெறுமனே தெரியாததைச் சொன்னால் 'அறியாமை'யே இருக்கட்டும். தெரிந்த நினைப்பில் காதை மூடிக்கொள்வதைச் சொன்னால் 'புல்லறிவு' என்று போடுங்கள். 'அஞ்ஞானம்' என்றால் நம் வாசகர் மனம் நேராக வேதாந்தத்துக்குப் போய்விடும். அங்கே மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.