தீராத கொலை வழக்கை நாவலாக்கலாமா?

கேள்வி: ஜேம்ஸ் எல்ராயின் ‘தி பிளாக் டாலியா’ நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். எங்கள் ஊரிலும் பல வருடங்களுக்கு முன் ஓர் இளம்பெண் கொலையானார். கொலையாளி இன்றுவரை சிக்கவில்லை. அதை நாவலாக எழுத ஆசை. ஊரே சந்தேகப்படும் ஓர் ஆள் இருக்கிறார். அவரையே கொலையாளியாகக் காட்டலாமா? அந்தப் பெண்ணின் அம்மா இன்னும் இருக்கிறார். “அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்” என்கிறார் என் மனைவி.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எழுதலாம். ஆனால் உங்கள் மனைவியின் பயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்.

எல்ராயின் நாவலுக்கு மூலம், கொலையாளி பிடிபடாத ஓர் உண்மைக் கொலை. 1947 ஜனவரி 15 காலை, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லைமர்ட் பார்க் பகுதியில் ஒரு காலி மனையில் எலிசபெத் ஷார்ட்டின் உடல் கிடந்தது. ‘பிளாக் டாலியா’ என்று பத்திரிகைகள் அழைத்தது இவரைத்தான். வயது 22. இடுப்போடு இரண்டாக வெட்டப்பட்டிருந்தார். குழந்தையோடு அந்த வழியாகப் போன ஒரு பெண், முதலில் அதைத் துணிக்கடை பொம்மை என்றே நினைத்தாராம். கைரேகையை வைத்து எஃப்.பி.ஐ. அடையாளம் சொன்னது.

அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் மறக்கக் கூடாது. ‘எக்ஸாமினர்’ பத்திரிகையிலிருந்து மாசசூசெட்ஸில் இருந்த தாய் ஃபீபிக்குப் போன் போட்டார்கள். உங்கள் மகள் அழகிப் போட்டியில் ஜெயித்துவிட்டாள் என்றார்கள். அந்த அம்மா பூரித்துப்போய் மகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். வேண்டியது கிடைத்த பிறகுதான் மகள் செத்துப்போன செய்தியைச் சொன்னார்கள். இதை எப்போது நினைத்தாலும் என் வயிறு எரிகிறது.

எல்ராய் அந்தப் பத்திரிகைக்காரர்களைப் போல வேடிக்கை பார்க்க வந்தவர் அல்ல. அவருக்குப் பத்து வயதிருக்கும்போது, 1958 ஜூனில், அவருடைய அம்மா ஜெனீவா, லாஸ் ஏஞ்சலஸ் அருகே எல் மான்டி என்ற ஊரில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். அந்த வழக்கும் துலங்கவில்லை. மறுவருடம் பிறந்தநாளுக்கு அப்பா வாங்கித்தந்த புத்தகத்தில் எலிசபெத் வழக்கைப் படித்தான் அந்தச் சிறுவன். இரண்டு பெண்களும் அவன் மனதில் ஒன்றாகிப்போனார்கள். 1987ல் வந்த அந்த நாவலை அவர் அம்மாவுக்கே சமர்ப்பித்தார். வழக்கைத் துப்பறியும் நாவலின் நாயகன் பக்கி பிளைசர்ட்டின் வெறியை நாம் நம்புவது அதனால்தான்.

அவ்வளவு பெரிய எழுத்தாளரிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. போலீஸ்காரர்களைக் கற்பனையாகப் படைத்தார், கொலையாளியையும் கற்பனையாகப் படைத்தார். ஆனால் கொலையான பெண்ணுக்கு மட்டும் உண்மைப் பெயரையே வைத்து, அவர் ஓர் ஆபாசப் படத்தில் நடித்ததாகவும் எழுதிவிட்டார். மறுத்துப் பேச அவர் உயிரோடு இல்லையே!

எனவே, ஊர் சந்தேகப்படும் ஆளைத் தொடவே தொடாதீர்கள். எலிசபெத் வழக்கில் ‘நான்தான் கொன்றேன்’ என்று பொய்யாகச் சரணடைந்தவர்களே ஏராளம். பிற்காலத்தில் சொந்த அப்பாவையே கைகாட்டிப் புத்தகம் எழுதியவர்களும் உண்டு. வழக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. வெறும் ஊர்ப்பேச்சை நம்பி நீங்கள் எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். அதைவிட மோசம், நிரபராதி ஒருவர் சாகும்வரை அந்தப் பழியைச் சுமக்க நேரலாம். கொலையாளியை அடியிலிருந்து நீங்களே உருவாக்குங்கள். பெண்ணின் பெயர், தொழில், வருடம், ஊர் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

அப்படி மாற்றினாலும் உங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் எழுதத் தொடங்கும் முன்பே அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். நோட்டும் வேண்டாம், போனில் பதிவும் வேண்டாம். என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் மகளைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொண்டிருங்கள். கொலையைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணின் கதையை விட்டுவிடுங்கள். இத்தனை வருடம் அந்தச் சாவு உங்களை ஏன் விடாமல் பிடித்திருக்கிறது என்று யோசியுங்கள். அந்தக் காரணத்தை வைத்து முழுக்கக் கற்பனையான ஒரு கொலையை எழுதலாம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.