சுஹார்த்தோவுக்குப் பிறகு: இந்தோனேசியாவின் இஸ்லாமிய அரசியல் – வாசகர் கேள்வி பதில்

இந்தோனேசிய அரசியல் குறித்து வந்த கடிதங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கியிருக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

கேள்வி: மக்களில் நூற்றுக்கு 87 பேர் முஸ்லிம்கள். சுஹார்த்தோவின் 32 வருட சர்வாதிகாரம் 1998-ல் போனதும் இஸ்லாமியக் கட்சிதானே ஆட்சிக்கு வந்திருக்க வேண்டும்? ஏன் வரவில்லை? (மேலப்பாளையம்)

முஸ்லிம் என்பது வேறு, இஸ்லாமியக் கட்சியின் வாக்காளர் என்பது வேறு. 1955-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் இஸ்லாமியக் கட்சிகளான மஸ்யூமி 20.9 சதவீதமும் நஹ்தத்துல் உலமா 18.4 சதவீதமும் வாங்கின. இரண்டையும் கூட்டினாலும் 40-ஐத் தொடவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி தனியாகவே 16.4 வாங்கியது. 1999 ஜூன் 7 தேர்தலில் 48 கட்சிகள் நின்றன. முதல் அதிபர் சுகர்னோவின் மகள் மேகாவதியின் கட்சிக்கு 33.7, சுஹார்த்தோவின் பழைய கோல்கருக்கு 22.4. ஷரீஅத்தைக் கொள்கையாகவே வைத்திருந்த கட்சிகளில் பி.பி.பி. 10.7 வாங்கியது. மற்றவை இரண்டு சதவீதத்தையும் எட்டவில்லை.

சதவீதத்தைவிட முக்கியமான விஷயம், அந்த 32 வருடத்தில் யார் மிஞ்சினார்கள் என்பது. 1965-66 படுகொலைகளில் ஐந்து லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை இறந்ததாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். கிழக்கு ஜாவாவில் அதில் கைகோத்தவர்களில் நஹ்தத்துல் உலமாவின் இளைஞர் அணியும் உண்டு. இடதுசாரிகள் வேரோடு போனார்கள். தொழிற்சங்கம் அரசின் பிடிக்குள் போனது. 1973-ல் இஸ்லாமியக் கட்சிகள் எல்லாவற்றையும் ஒரே கட்சியாக, மேலே சொன்ன பி.பி.பி.யாக, அடைத்தார்கள். 1985-ல் எல்லா அமைப்பும் அரசின் ஐந்து கொள்கைகளான பஞ்சசீலாவை மட்டுமே அடிப்படையாக ஏற்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். கூலி, நிலம், விலைவாசி என்று பேச ஒரு மேடைகூட இல்லாத நாட்டில், முழுக்க மூட முடியாத ஒரே இடமாகப் பள்ளிவாசல் நின்றது. பின்னாளில் கோபம் மார்க்கத்தின் மொழியில் வெளிப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

1998 வீழ்ச்சியைத் தொடங்கிவைத்ததும் மதமல்ல. டாலருக்கு 2,400 ரூபியா அளவில் இருந்த நாணயம் ஒரே வருடத்தில் 16,000-ஐத் தாண்டியது. அந்த வருடம் பொருளாதாரம் 13 சதவீதம் சுருங்கியது. சர்வதேச நாணய நிதியத்தின் நெருக்கடியில் மே 4-ல் எரிபொருள் விலையை ஏற்றினார்கள். 12-ல் திரிசக்தி பல்கலைக்கழக மாணவர் நால்வர் சுடப்பட்டார்கள். 21-ல் சுஹார்த்தோ விலகினார். அவர் போனார், அவரோடு வளர்ந்த முதலாளிகள் போகவில்லை. மூழ்கிய வங்கிகளைத் தூக்கி நிறுத்த 600 டிரில்லியன் ரூபியாவுக்கு மேல் அரசு செலவு செய்தது. கடனைக் கட்டாதவர்கள் புதுக் கட்சிகளின் வாசலில் வந்து நின்றார்கள். ஜனநாயகத்தில் தேர்தல் உண்டு, தேர்தலுக்குப் பணம் வேண்டும், பணம் இவர்களிடம் இருந்தது. இந்தோனேசிய அரசியலில் எது நடந்தாலும் முதலில் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பிறகு கொள்கைக்கு வருவது நல்லது.

கேள்வி: பி.கே.எஸ். என்ற இஸ்லாமியக் கட்சியின் கிளை அமைப்பு எப்படி இயங்குகிறது? அவ்வளவு கட்டுக்கோப்பான கட்சி ஏன் ஒரே இடத்தில் நின்றுவிட்டது? (கோவை)

1978-ல் கல்லூரி வளாகங்களில் அரசியலுக்குத் தடை வந்தது. மாணவர்கள் வளாகப் பள்ளிவாசலுக்குள் போனார்கள். பாண்டுங் தொழில்நுட்பக் கல்லூரியின் சல்மான் பள்ளிவாசல் அதில் முன்னோடி. எகிப்தின் இஃக்வான் (முஸ்லிம் சகோதரத்துவம்) அமைப்பிடமிருந்து சிறு குழு முறையை எடுத்துக்கொண்டார்கள்.

அதன் அலகின் பெயர் லிக்கோ. ஐந்து முதல் பத்துப் பேர் வரை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. வாரம் ஒரு முறை, பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டில். குர்ஆன் ஓதல், ஒரு பாடம், பிறகு அந்த வாரம் எத்தனை தொழுகையை ஜமாஅத்தாக, அதாவது கூட்டாக, தொழுதார், எவ்வளவு ஓதினார் என்று ஒவ்வொருவரும் கணக்குக் கொடுக்க வேண்டும். நடத்துபவர் முரப்பி. அவரும் தனக்கு மேலே உள்ள இன்னொரு லிக்கோவில் வெறும் உறுப்பினர்தான். புதியவர் அடிமட்டத்தில் சேர்ந்து படிப்படியாக ஏற வேண்டும். பல வருடப் பழக்கம் இல்லாமல் மேல்மட்டப் பொறுப்பு கிடைக்காது. உறுப்பினர்கள் மாதாமாதம் பணம் தருகிறார்கள், சட்டமன்றம் போனவர்கள் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கொடுக்கிறார்கள்.

1999-ல் 1.4 சதவீதம்தான் கிடைத்தது. அடுத்த தேர்தலில் நிற்கத் தேவையான இரண்டு சதவீத வரம்பைத் தாண்டாததால் கட்சியின் பெயரையே மாற்றிப் புதிதாகப் பதிய வேண்டியதாயிற்று. 2004-ல் ஷரீஅத்தை ஓரமாக வைத்துவிட்டு "சுத்தம், அக்கறை" என்ற முழக்கத்தோடு போனார்கள். 7.3 சதவீதம். ஜகார்த்தாவில் முதலிடம்.

சிக்கல் அங்கிருந்துதான் ஆரம்பம். லிக்கோ மெதுவாகத்தான் வளரும். ஒரு முரப்பி உருவாகவே வருடங்கள் ஆகும். அதைத் தாண்டி வாக்கு வேண்டுமானால் விளம்பரம், சுவரொட்டி, வாக்குச்சாவடி ஆட்கள் எல்லாம் வேண்டும். சந்தாப் பணம் அதற்குக் காணாது. பெரும் முதலாளிகள் இந்தக் கட்சியில் அதிகம் இல்லை. மிஞ்சுவது அமைச்சகம். அதிபர் யுதயோனோவின் ஆட்சியில் (2004-14) பத்து வருடமும் வேளாண் அமைச்சு இவர்கள் கையில் இருந்தது. மாட்டிறைச்சி இறக்குமதிக்கு ஒதுக்கீடு தருவதில் அந்த அமைச்சுக்குப் பங்கு உண்டு. தன்னிறைவு என்று சொல்லி ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள், சந்தையில் விலை ஏறியது, ஒதுக்கீட்டுச் சீட்டே பணமானது. 2013 ஜனவரியில் கட்சித் தலைவர் லுத்ஃபி ஹசன் இஷாக்கை ஊழல் ஒழிப்பு ஆணையம் கைது செய்தது. டிசம்பரில் 16 வருடச் சிறை.

இவ்வளவு நடந்தும் 2014-ல் 6.8 சதவீதம் வாக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள். லிக்கோ வாக்கு கலையவில்லை. வெளியே இருந்து வந்திருக்க வேண்டிய வாக்குதான் வரவில்லை. 2024-லும் எட்டுச் சொச்சம்தான். 2010-ல் முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் கதவு திறப்பதாக ஜகார்த்தாவின் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றில் மாநாடு கூட்டி அறிவித்தார்கள். சமையல் எண்ணெய் விலைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அல்லாடும் வாக்காளருக்கு அந்த விடுதியின் வாசல் எப்படித் தெரிந்திருக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: மாவட்டங்களில் ஷரீஅத் சட்டங்கள் வந்தனவே, அதைக் கொண்டுவந்தது இஸ்லாமியக் கட்சிகள்தானே? (மதுரை, வழக்கறிஞர்)

பெரும்பாலும் இல்லை. கோல்கர் போன்ற மதச்சார்பற்ற கட்சிகளின் ஆட்களும் முன்னாள் அதிகாரிகளும்தான் அதிகம் கொண்டுவந்தார்கள். தெற்கு சுலவேசியின் புலுக்கும்பா மாவட்டம் ஓர் உதாரணம். மது, ஜகாத், உடை, குர்ஆன் ஓதல் என்று வரிசையாக விதி போட்ட மாவட்டத் தலைவர் கோல்கர்காரர்.

நீங்கள் வழக்கறிஞர் என்பதால் சட்ட நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். 1999-ம் வருட 22-ம் எண் சட்டம் அதிகாரத்தை மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2001 ஜனவரியில் அமலானது. அதே சட்டம் வெளியுறவு, பாதுகாப்பு, நீதி, நிதி, மதம் ஆகியவற்றை மத்திய அரசுக்கு ஒதுக்கிவிட்டது. ஆக, மதத்தைப் பற்றி மாவட்டம் சட்டமே போட முடியாது. அதனால் பொது ஒழுங்கு, கல்வி, அலுவலக உடை என்ற தலைப்புகளில் புகுத்தினார்கள். ஆச்சேயின் கதை தனி. அங்கே மத்திய அரசே சிறப்புச் சட்டம் போட்டு அனுமதித்தது.

2005 ஜூன் முதல் மாவட்டத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி வேட்பாளராக நிற்கக் கட்சிக்குக் கொடுக்கும் பணத்தை அங்கே "மஹர்" என்கிறார்கள். மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது என்ற பொருளில் நம் வாசகர்கள் பலருக்கு அகராதி தேவைப்படாத சொல். வாக்குப்பதிவு அன்று விடியற்காலையில் உறை கொடுப்பதற்குப் பெயர் "செராங்கான் ஃபஜர்", அதாவது விடியல் தாக்குதல். இதற்கெல்லாம் காசு இறைக்கும் வேட்பாளருக்கு, ஊரின் பெசந்த்ரென்களை, அதாவது மதரசா விடுதிகளை, நடத்தும் கியாயி ஒருவரின் ஆதரவு கிடைத்தால் ஆயிரக்கணக்கான வாக்கு மொத்தமாக வரும். அவருக்குச் சாலை போட்டுத் தரப் பணம் வேண்டும். முக்காடு விதி போடப் பேனா போதும்.

இந்த விதிகள் மேற்கு ஜாவா, தெற்கு சுலவேசி, மேற்கு சுமத்ரா போன்ற சில மாகாணங்களில்தான் குவிந்தன. முதல் இரண்டும் ஐம்பதுகளில் இஸ்லாமிய அரசு கேட்டு தாருல் இஸ்லாம் ஆயுதக் கிளர்ச்சி நடந்த பகுதிகள். ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது. அவர் போனதும் பல இடங்களில் விதி தாளில் தூங்குகிறது. அமலான இடங்களில் சுமை விழுந்தது ஜகாத் என்று சம்பளத்தில் 2.5 சதவீதம் பிடிக்கப்பட்ட அரசு ஊழியர் மேலும், இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்கள் மேலும். பாடாங் நகரில் 2005-ல் மேயர் போட்ட பள்ளி முக்காடு உத்தரவு, 2021-ல் ஒரு கிறிஸ்தவ மாணவி விவகாரத்தில்தான் தேசிய அளவில் வெடித்தது.

கேள்வி: 2016-ல் ஜகார்த்தா ஆளுநர் அஹோக்குக்கு எதிராக லட்சக்கணக்கில் கூடினார்களே, அது மதவெறியா, வர்க்கக் கோபமா? (சிங்கப்பூர்)

அஹோக் சீன வம்சாவளிக் கிறிஸ்தவர். 2016 செப்டம்பர் 27-ல் ஆயிரம் தீவுகள் பகுதியில் பேசும்போது முஸ்லிம் அல்லாதவரைத் தலைவராக ஏற்கக் கூடாது என்று சிலர் பொருள் சொல்லும் குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் 51-ம் வசனத்தைக் காட்டி மக்களை ஏமாற்றுகிறார்கள் என்றார். டிசம்பர் 2-ல் தேசிய நினைவுச்சின்னத் திடலில் பெருங்கூட்டம். 2017 ஏப்ரலில் 58-க்கு 42 என்று அனிஸ் பஸ்வெதானிடம் தோற்றார். மே மாதம் மத நிந்தனைக்கு இரண்டு வருடச் சிறை.

கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஏழு பேர் அவர் நிர்வாகம் திருப்தி என்றே சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களிலும் பலர் மாற்றிப் போட்டார்கள். மதத்துக்கு வேலையே இல்லை என்று சொல்பவர்களுக்கு இது பதில்.

மறுபக்கமும் பாருங்கள். 2016 ஏப்ரலில் வடக்கு ஜகார்த்தாவின் பசார் இகான், கம்புங் அக்வாரியம் குடியிருப்புகளை இயந்திரம் வைத்து இடித்தார்கள். கடலோரத்துக் குடும்பங்களைக் கிழக்கு ஜகார்த்தாவின் ரவா பெபெக் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். மீன்பிடிப்பவருக்கு அங்கே கடல் இல்லை, வாடகை உண்டு. இடித்த இடத்துக்குப் பக்கத்தில்தான் லுவார் பாத்தாங் பள்ளிவாசலும் ஹபீப் ஹுசைனின் அடக்கத்தலமும். அதே சமயம் விரிகுடாவை மண் போட்டுத் தூர்த்து 17 செயற்கைத் தீவுகளில் பங்களா கட்டும் திட்டம். கோபம் ஏற்கெனவே இருந்தது. பேச்சு அதற்கு ஒரு பெயர் கொடுத்தது.

பலன் யாருக்கு? அனிஸின் துணை வேட்பாளர் சந்தியாகா ஊனோ பெரும் பணக்காரத் தொழிலதிபர். கம்புங் அக்வாரியம் மக்களுக்கு 2021-ல் அதே இடத்தில் வீடு கிடைத்தது. அவர்கள் தேர்தலுக்கு முன்பே நகர்ப்புற ஏழைகள் அமைப்பு வழியாக அனிஸிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கியிருந்தார்கள். திடலில் கூடிய மற்ற ஏழைகள் கையில் அப்படி ஒரு காகிதம் இல்லை. அஹோக்குக்கு எதிரான உலமா சபையின் தீர்மானத்தை வெளியிட்ட மஃரூஃப் அமீன், 2019-ல் அஹோக்கின் பழைய கூட்டாளியான அதிபர் ஜோகோவியின் துணை அதிபரானார்.

கேள்வி: 2011 எழுச்சிக்குப் பிறகு எகிப்து, துனீசியா கதை ஏன் வேறு மாதிரி முடிந்தது? (யாழ்ப்பாணம்)

இந்தோனேசியாவில் இஸ்லாமியப் படித்த வர்க்கத்தை சுஹார்த்தோவே 1990-ல் தன் அமைச்சர் ஹபீபி தலைமையில் ஓர் அறிவுஜீவிகள் சங்கம் வைத்து உள்ளே இழுத்துக்கொண்டார். ஆட்சி மாறும்போது அவர்கள் ஏற்கெனவே அலுவலகங்களில் இருந்தார்கள். எகிப்தில் இஃக்வான் வெளியே வைக்கப்பட்டது, அதனாலேயே ஒற்றைப் பெரும் அமைப்பாக வளர்ந்தது. 2012-ல் இஃக்வானின் முர்ஸி 51.7 சதவீதத்தில் அதிபரானார். படை, நீதிமன்றம், அதிகார வர்க்கம் எதுவும் அவர் கையில் இல்லை. 2013 ஜூலை 3-ல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது, எல்லாம் முடிந்தது. இந்தோனேசிய ராணுவத்துக்கோ சிவிலியன் ஆட்சியிலும் பங்கு கிடைத்துவிட்டது. கவிழ்க்க அவசியம் வரவில்லை.

துனீசியாவில் யூ.ஜி.டி.டி. என்ற பலமான தொழிற்சங்கம் இருந்தது. 2011-ல் 217-ல் 89 இடம் பிடித்த இஸ்லாமியக் கட்சி அந்நஹ்தா அதோடு பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. 2014 அரசியல் சட்டம் அப்படித்தான் வந்தது. ஆனால் வேலையின்மைக்கு எந்த அரசிடமும் மருந்து இல்லை. அந்நஹ்தாவின் இடங்கள் 2014-ல் 69, 2019-ல் 52 என்று இறங்கின. 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது தெருவில் பலர் கொண்டாடினார்கள்.

கேள்வி: கியாயி, ஹபீப், உஸ்தாத் – மூன்றும் ஒன்றா? (காயல்பட்டினம்)

இல்லை. கியாயி என்பவர் ஜாவாவில் பெசந்த்ரென் நடத்துபவர். நிலம், மாணவர், பரம்பரை மூன்றும் அவருக்கு உண்டு; நஹ்தத்துல் உலமாவின் முதுகெலும்பு இவர்களே. ஹபீப் என்றால் யெமனின் ஹள்ரமௌத்திலிருந்து வந்த நபி வம்சத்தவர். அஹோக் எதிர்ப்புக் கூட்டங்களில் முன்னின்ற ரிஸியக் ஷிஹாப் அந்த வகை. அவருடைய இஸ்லாமியப் பாதுகாப்பு முன்னணி (எஃப்.பி.ஐ.) அமைப்பு 1998 ஆகஸ்டில் தொடங்கி 2020 டிசம்பரில் தடை செய்யப்பட்டது. உஸ்தாத் பட்டத்துக்கு வம்சமோ விடுதியோ தேவையில்லை, கேட்க ஆள் இருந்தால் போதும். தொலைக்காட்சி வந்த பிறகு இந்த மூன்றாம் வகையினரின் எண்ணிக்கைதான் வேகமாகக் கூடியிருக்கிறது. தேர்தல் காலத்தில் வேட்பாளர்கள் முதலில் கார் அனுப்புவது மட்டும் இன்னும் கியாயி வீட்டுக்குத்தான்.